பசுவின் குளம்பும் ஊரின் கடமையும்

நமது நாட்டில் பசுவின் பெருமையைப் பேசுவோர் பலர். அதன் மடியைக் கணக்கிடுவோர் அதனினும் பலர். அதன் காலைத் தூக்கிக் குளம்பின் அடிப்புறத்தைப் பார்ப்போர் மிகச் சிலரே. பால் குறைந்தால் தீவனத்தின்மேல் குற்றம் சாட்டுகிறோம். சினை பிடிக்காவிடில் சினை ஊசியின்மேல் குற்றம் சாட்டுகிறோம். அதுவும் போதாதென்று கிரகங்களையும் கூண்டில் ஏற்றுகிறோம். உண்மைக் குற்றவாளியோ பல வேளைகளில் சேற்றாலும் சாணத்தாலும் மூடப்பெற்று, பசுவின் பின்னங்கால் குளம்பிலே ஒளிந்துகொண்டிருக்கிறான். அவனைக் கண்டுபிடிப்பது எங்ஙனம், ஒழிப்பது எங்ஙனம், மறுபடி வாராமல் தடுப்பது எங்ஙனம் என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம். இது ஒரு பத்திரிகையின் தலையங்கப் பக்கத்திற்கு ஏற்ற விஷயந்தானா என்று சிலர் நகைக்கக்கூடும். குடியானவன் வீட்டில் அடுப்பெரியச் செய்யும் காரியம் எதுவோ, அது பொது விஷயமே என்பது நமது கொள்கை.

உலகத்தில் வேறெந்த நாட்டைக் காட்டிலும் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24-ஆம் ஆண்டில் நமது நாட்டில் சுமார் 23 கோடியே 93 லட்சம் டன் பால் கிடைத்ததாகச் சர்க்கார் கணக்குக் கூறுகிறது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம்மிடம் சுமார் 19 கோடி மாடுகளும், சுமார் 11 கோடி எருமைகளும் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் மாடுகள் ஏறக்குறைய 95 லட்சம். இப்பெருஞ் செல்வத்தின் பெரும்பகுதி பெரிய பண்ணைகளில் இல்லை. ஒன்றும் இரண்டும் மூன்றுமாகச் சிறு குடியானவர்களின் கொட்டகைகளிலும், நிலமற்ற கூலிக்காரரின் குடிசையோரத்திலும், துணையற்ற தாய்மார்களின் புழக்கடையிலும் அது கட்டப்பட்டு நிற்கிறது. அங்கே ஒரு பசு நொண்டினால் ஒரு குடும்பம் நொண்டுகிறது.

இது மிகைப்பேச்சன்று. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசு குளம்பு நோயால் 6 லிட்டராகக் குறைந்து, அந்நிலை ஒரு மாதம் நீடிக்கின்றதென வைத்துக்கொள்வோம். இழப்பு 60 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் வீதம் 2,100 ரூபாய். இதனுடன் வைத்தியச் செலவையும், மருந்து கலந்திருப்பதால் சங்கத்தில் ஊற்றலாகாத பாலையும் கூட்டிக்கொள்ளுங்கள். இஃதோடு நின்றதா? நொண்டும் பசு தீவனத் தொட்டியண்டை நெடுநேரம் நில்லாது. பருவம் வந்தாலும் அடையாளம் காட்டாது. 21 நாட்களுக்கொரு முறை வரும் பருவம் ஒன்றிரண்டு தவறினால், அடுத்த கன்றும் அடுத்த கறவையும் அத்தனை நாட்கள் பின்தள்ளப்படுகின்றன. நோய் முற்றியபின், கடன் வாங்கி வாங்கிய பசு சந்தையில் கேட்ட விலைக்குப் போகிறது. பசு போகிறது, கடன் நிற்கிறது.

நன்கு கறக்கும் பசுவையே இந்நோய் அதிகம் நாடுகிறது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. கண்ணுக்கு நொண்டல் தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே பால் குறையத் தொடங்கிவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே, "மாடு நொண்டட்டும், பிறகு பார்ப்போம்" என்றிருப்பவன் பாதி நஷ்டத்தை முன்னமேயே அடைந்துவிட்டான்.

நோய் வரும் வழி

மாட்டின் குளம்பு இரு பிளவானது. ஒவ்வொரு பிளவின் மேலோடும் நமது நகத்தைப் போன்ற பொருளாலானது. மாதத்திற்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வளர்வது. ஓட்டினுள்ளே இரத்தம் நிறைந்த மெல்லிய சதையும், அதனுள் எலும்பும், குதிப்புறத்தில் மெத்தை போன்றதொரு கொழுப்புத் திண்டும் இருக்கின்றன. உடலின் பாரம் முழுவதும் இச்சிறு இடங்களின் வழியாகவே பூமிக்கு இறங்குகிறது. நொண்டல்களிற் பெரும்பாலானவை பின்னங்கால்களில், அவற்றிலும் வெளிப்பக்கத்துக் குளம்பில் உண்டாகின்றன. பாரம் அங்கே அதிகமாகவும் ஒழுங்கின்றியும் விழுவதே காரணம்.

முற்காலத்தில் மாடு காலையிற் புறப்பட்டு மேய்ச்சல் நிலத்தில் நாள் முழுதும் நடந்து மாலையில் திரும்பிற்று. வளர்ந்த குளம்பு நடையிலே தேய்ந்தது. உலர்ந்த மண்ணிலே கால் காய்ந்தது. இன்று மேய்ச்சல் நிலங்கள் சுருங்கிவிட்டன. கலப்பினப் பசு இரவும் பகலும் ஒரே முளையில், ஒரே சிமெண்டுத் தரையில் நிற்கிறது. குளம்பு தேயாமல் நீண்டு வளைகிறது. தன் மூத்திரத்திலும் சாணத்திலும் நின்று நின்று அதன் ஓடு ஊறி மென்மையாகிறது. பிளவின் நடுவேயுள்ள தோல் வெந்ததுபோல் வெளுத்துப் பிளக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இந்நிலை இரட்டிக்கிறது. ஒரு கூரிய கல், ஒரு முள், ஓர் உடைந்த சிமெண்டு விளிம்பு போதும், காயம் உண்டாகிறது. சாணத்தில் எப்போதும் வாழும் கிருமிகள் அவ்வாசல் வழியே உட்புகுகின்றன. ஆகவே குளம்பு நோயின் தாய் ஈரம், தந்தை அசிரத்தை.

நோயை அறிதல்

பசு தன் வழக்கை வாய்விட்டுச் சொல்லாது. அதன் நடையே அதன் வாக்குமூலம். நலமுள்ள பசு நிற்கும்போதும் நடக்கும்போதும் அதன் முதுகு சமமாக இருக்கும். நிற்கையில் சமமாயிருந்து, நடக்கையில் முதுகு வளையுமாயின் நோய் தொடங்கிவிட்டது என்று கொள்க. நிற்கையிலும் வளைந்தே இருந்து, எட்டு வைப்பதும் குறுகினால் நோய் வளர்ந்துவிட்டது. ஒரு காலைத் தரையில் ஊன்ற மறுப்பது கடைசி நிலை. இதனை ஐந்து படிகளாக வகுத்து மதிப்பிடும் முறை 1997-ல் அமெரிக்காவில் வெளியிடப்பெற்று, இன்று பல நாடுகளில் வழங்குகிறது. இதற்கு யந்திரம் வேண்டுவதில்லை; மாதம் இருமுறை பசுவைச் சமதரையில் பத்து அடி நடத்திப் பார்க்கும் கண்ணே போதும்.

நொண்டல் ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று. காரணம் மாறினால் சிகிச்சையும் மாறும். இதை உணராமையாலேயே நமது கிராமங்களில் பணமும் மருந்தும் பாழாகின்றன. முக்கியமானவை நான்கு.

முதலாவது, குளம்பு அழுகல். இது திடீரென்று வரும். காலையில் நன்றாயிருந்த பசு மாலையில் காலூன்றாது. பிளவின் நடுவே தோல் வெடித்து, குளம்புக்கு மேலே இரு பக்கமும் ஒருசேர வீங்கி, பிளவுகள் அகன்று நிற்கும். தாங்கவொண்ணாத துர்நாற்றம் வீசும், காய்ச்சல் இருக்கும். பியூஸோபாக்டீரியம் நெக்ரோபோரம் என்னும் கிருமி இதற்கு முதற்காரணம். பிராணவாயு புகாத இடத்திலேயே செழிப்பது இக்கிருமியின் இயல்பு. கால்நடை வைத்தியர் முதல் நாளிலேயே பெனிசிலின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்தை அளவறிந்து ஊசியாகச் செலுத்தி, அழுகிய சதையை அகற்றி, புண்ணைக் கழுவி, பசுவை உலர்ந்த தரையில் நிறுத்தச் செய்வாராயின் சில நாட்களில் குணம் காணும். தாமதித்தால் கிருமி மூட்டுக்குள் இறங்கும். அதன்பின் குளம்பின் ஒரு பிளவையே வெட்டி எடுக்கும்படி நேரலாம்.

இரண்டாவது, குதிப்புறத் தோல் நோய். இது குளம்பின் பின்பக்கத்தில், குதிக்குச் சற்று மேலே, செம்புற்றுப்பழம் போலச் சிவந்து ஈரமாகத் தோன்றும் புண். தொட்டால் பசு காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். எளிதில் இரத்தம் கசியும். ஆயினும் கால் முழுவதும் வீங்காது, காய்ச்சலும் இராது. 1974-ல் இத்தாலியில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற இந்நோய், இன்று பால் வளமுள்ள நாடுகள் பலவற்றிலும் பரவியிருக்கிறது. திருகு வடிவமான டிரெபோனிமா என்னும் கிருமிகள் இதில் மலிந்துள்ளன. பல பசுக்களை ஒருங்கே அடைக்கும் பண்ணைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். புதிதாக வாங்கிய மாட்டின் காலோடும், கழுவாத செதுக்குக் கத்தியோடும் இது வந்து சேர்கிறது. இதற்கு ஊசி மருந்து பொதுவாக வேண்டுவதில்லை. புண்ணைக் கழுவித் துடைத்து, வைத்தியர் தரும் மருந்தை அப்புண்ணின் மேலேயே இடுதல் தகும். கட்டுப் போட்டால் சில நாட்களில் அவிழ்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, கோமாரி. இதனைக் காணை என்றும் சொல்வர். இது குளம்பளவில் நிற்கும் நோயன்று. வைரஸ் என்னும் நுண்கிருமியால் காற்றிலும், எச்சிலிலும், பாலிலும், மனிதரின் செருப்பிலும் பரவுவது. கடுங்காய்ச்சல், நூல்நூலாக ஒழுகும் எச்சில், நாவிலும் ஈறிலும் கொப்புளம், பிளவின் நடுவே புண், ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாடுகள் நோய்வாய்ப்படுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இளங்கன்றுகள் இருதயம் தாக்கப்பெற்றுத் திடீரென மடியும். 2013-ஆம் ஆண்டில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இந்நோய் பரவியபோது ஊர்தோறும் கொட்டகைகள் காலியானதை நமது குடியானவர்கள் மறந்திரார். வைரஸைக் கொல்லும் மருந்து நம்மிடம் இல்லை. வாய்க்கும் காலுக்கும் ஆதரவான சிகிச்சையே உண்டு. காற்புண்ணை இலேசான பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரால் கழுவி, ஈ மொய்க்காமல் காக்க வேண்டும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதோன்றி, பூண்டு, மஞ்சள் இவற்றை அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சித் தடவும் மூலிகை முறையைத் தேசியப் பால்வள வாரியமும் பரப்பி வருகிறது. புழு வைத்த புண்ணுக்குச் சீதா இலை விழுதும், கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயும் அம்முறையில் கூறப்படுகின்றன.

நான்காவது, கிருமியால் வாராத குளம்புப் புண். உள்ளங்குளம்பில் ஓடு மெலிந்து, எலும்பின் அழுத்தத்தால் உட்சதை நசுங்கிப் புண்ணாவது இது. தரையின் கடினம், குளம்பின் மிகை வளர்ச்சி, கன்று ஈன்ற காலத்துப் பலவீனம் ஆகியவை காரணம். இப்பசுவுக்கு எத்தனை ஊசி போட்டாலும் பயனில்லை. கெட்ட ஓட்டைச் செதுக்கி நீக்கி, அதே காலின் நலமான பிளவின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டி உயர்த்தினால், புண்பட்ட பிளவு தரையில் படாமல் ஓய்வு பெறும். வலி தணிக்கும் மருந்தும் சேருமாயின் குணம் விரைவுபடுகிறதென்று 2015-ல் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சியொன்று காட்டிற்று.

இந்நான்கையும் வாசகர் முன் வைத்ததன் கருத்து ஒன்றே. காலைத் தூக்கிப் பாராமல் ஊசி போடும் பழக்கம் ஒழிய வேண்டும். சாக்ஷியை விசாரியாமல் தீர்ப்பெழுதும் நியாயாதிபதியை நாம் பொறுப்போமா? குளம்பைப் பாராமல் மருந்தெழுதுவதும் அத்தகையதே.

செய்யத் தகாதவை

நமது கிராமங்களில் சில கெட்ட வழக்கங்கள் உள்ளன. புண்ணில் மண்ணெண்ணெயும், பினாயிலும், வண்டியில் வடிந்த கழிவெண்ணெயும் ஊற்றுகின்றனர். இவை கிருமியை மட்டுமன்றி, புதிதாக வளரும் சதையையும் எரிக்கின்றன. சாணத்தை அப்பித் துணியால் இறுகக் கட்டுகின்றனர். காற்றில்லாத இடத்தில் செழிக்கும் கிருமிக்கு இதைவிட நல்ல வீடு வேறில்லை. காய்ச்சிய இரும்பால் சூடு போடுகின்றனர். வலியின்மேல் வலி சேர்ப்பதன்றி இதனால் ஆவதொன்றுமில்லை.

படித்தவர்களும் செய்யும் பிழைகள் உண்டு. மருந்துக் கடையில் ஊசி மருந்தை வாங்கித் தாமே போடுவது ஒன்று. ஒருநாள் போட்டு, வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடுவது மற்றொன்று. இங்ஙனம் அரைகுறையாக மருந்து கண்ட கிருமி, அடுத்த முறை அம்மருந்துக்கு அஞ்சுவதில்லை. ஊசி போட்ட பசுவின் பாலை வைத்தியர் குறித்த நாட்கள் கழியுமுன் சங்கத்தில் ஊற்றுவது, அறியாத குழந்தையின் பால் குவளையில் மருந்தைக் கலப்பதற்கு ஒப்பாகும். வலிக்குத் தரும் மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதைச் சர்க்கார் 2006-ல் தடை செய்தது. கீட்டோபுரோஃபெனையும், அசிக்ளோஃபினாக்கையும் 2023-ல் தடை செய்தது. இம்மருந்துண்டு இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் மாண்டதே காரணம். நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுக் கழுகுகளின் உயிரும் இவ்வகையில் நமது கொட்டகையோடு பிணைந்திருக்கிறது. மெலாக்ஸிகாம் அவற்றிற்குத் தீங்கற்றதெனச் சோதித்தறியப்பட்டது. வைத்தியரிடம் அதனைக் கேட்டுப் பெறுக.

தடுக்கும் வழி

சிகிச்சையினும் தடுப்பே மேல். அதுவும் இந்நோயில் தடுப்பு மிக எளிது, செலவும் சொற்பம்.

முதற்கண் தரை. கொட்டகைத் தரை 40 அடிக்கு 1 அடி வீதம் சரிந்து, மூத்திரம் வடிகாலில் ஓட வேண்டும். சிமெண்டுத் தரை வழுக்காமலிருக்க மேலே வரிகள் கீற வேண்டும். சாணத்தை நாளுக்கு இருமுறையேனும் அள்ள வேண்டும். எருக்குழியைக் கொட்டகை வாசலில் வைத்தலாகாது. பசு நாளொன்றுக்குச் சுமார் 12 மணி நேரம் படுக்க விரும்பும் பிராணி. உலர்ந்த வைக்கோலோ, மணலோ, ரப்பர் விரிப்போ இருந்தால் அது படுக்கும், கால் ஓய்வடையும். ஈரத் தரையில் அது நின்றே நோயுறும். மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும், வாசற்படியிலும் சரளை கொட்டிச் சேற்றைத் தவிர்ப்பது ஒரு நாள் வேலை.

அடுத்தது, குளம்புக் குளியல். தோட்டப்பயிருக்குப் பூஞ்சணக் கொல்லியாகக் குடியானவன் நெடுங்காலமாக அறிந்த மயில்துத்தமே இதற்கும் ஏற்றது. 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ என்பது அளவு. 10 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டியில் 4 அங்குல உயரம் இம்மருந்து நீரை நிரப்ப ஏறக்குறைய 9 கிலோ துத்தம் வேண்டும். மாடுகள் ஒவ்வொன்றாக அதன் வழியே நடந்து செல்ல வேண்டும். முன்னதாகக் காலைக் கழுவிவிட வேண்டும். சாணம் கலந்தால் மருந்தின் வீரியம் கெடும். ஓரிரண்டு பசு உடையவன் கழுவித் துடைத்த குளம்பின் பிளவில் இந்நீரைத் தெளிப்பானால் தெளித்தாலும் போதும். பயன்படுத்திய நீரைக் குளத்திலோ, வாய்க்காலிலோ விடலாகாது. செம்புச் சத்து மீனைக் கொல்லும். செம்மறி ஆட்டுக்கு நஞ்சாகும். ஒரே நிலத்தில் கொட்டிக்கொண்டிருந்தால் மண்ணையும் கெடுக்கும். சிலர் பார்மலினை விரும்புவர். அதன் ஆவி கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு; திறந்த புண்ணில் பட்டால் பசு துடிக்கும். வீட்டுக் கொட்டகைக்கு அது வேண்டாம் என்போம்.

மூன்றாவது, குளம்பு செதுக்குதல். வண்டி மாடு ஓடிய காலத்தில் ஊருக்கு ஊர் லாடம் அடிப்பவர் இருந்தார். மாட்டைக் கயிற்றால் மடக்கிச் சாய்த்து, குளம்பைச் சீவிச் சமன் செய்து, அதன்பின் அவர் லாடம் தைத்தார். உழைக்கும் எருதின் குளம்பை நமது முன்னோர் கவனித்தனர். நாள் முழுதும் நின்றே உழைக்கும் கறவைப் பசுவின் குளம்பைக் கவனிப்பார் இன்று இல்லை. வண்டி மறைந்தது, லாடக்காரரின் தொழிலும் குன்றியது. ஹாலந்து தேசத்தில் டூசேன் ரேவன் என்ற கால்நடை வைத்தியர், குளம்பின் இரு பிளவும் பாரத்தைச் சமமாகத் தாங்கும்படி செதுக்கும் முறையை ஒழுங்குபடுத்தி, அதனை உலகெங்கும் பயிற்றுவிக்க வழிகோலினார். நமது லாடக்காரரின் கைத்திறனுக்கு இச்சாஸ்திரத்தைச் சேர்ப்பின் ஒரு பழந்தொழில் பிழைக்கும். பல லட்சம் பசுக்களும் பிழைக்கும். சினைப்பசுவைக் கயிற்றால் சாய்ப்பது ஆபத்து. ஆதலின் நின்றபடியே பிணித்துக் காலைத் தூக்கும் மரச்சட்டம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, மழைக்கு முன்பு, இது நடைபெறுவது நன்று. ஒரு பசுவைச் செதுக்கிய கத்தியை மருந்து நீரில் கழுவாமல் அடுத்த பசுவிடம் கொண்டுபோகலாகாது.

நான்காவது, தீவனம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும், பண்டிகை நாளில் பொங்கலையும் அன்பு மிகுதியால் வாளி வாளியாக வைக்கிறோம். மாவுப்பொருள் திடீரென மிகுந்தால் வயிற்றில் புளிப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பிழைத்தாலும் குளம்பின் உட்சதை அழன்று ஓடு கெடும். அடர் தீவனத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வைக்கோலும் பசும்புல்லும் குறையலாகாது. துத்தநாகம் அடங்கிய தாது உப்புக் கலவை ஓட்டை உறுதியாக்கும்.

ஐந்தாவது, தடுப்பூசி. கோமாரிக்கு ஆறு மாதத்திற்கொரு முறை ஊசி போடும் தேசியத் திட்டம் 2019 செப்டம்பரில் மதுராவில் துவக்கப்பெற்றது. ஐந்தாண்டுகளுக்கு 13,000 கோடி ரூபாய்க்கு மேல் இதற்கு ஒதுக்கினர். 2030-க்குள் நோயை ஒழிப்பதே குறிக்கோள். ஊசிக்குப் பணமில்லை. எனினும், "ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும்" என்ற வதந்திக்கு அஞ்சி மாட்டை மறைப்போர் இன்னும் உளர். ஊசி போட்ட இரண்டொரு நாள் பால் சிறிது குறையலாம். நோய் வந்தால் அக்கறவையே போய்விடலாம். ஒருவன் மறைத்த மாடு ஊரார் மாட்டையெல்லாம் ஆபத்துக்குள்ளாக்குகிறது.

ஊரின் கடமை

இதுகாறும் கூறியவற்றுள் பலவற்றைத் தனிக் குடியானவன் ஒருவனால் செய்ய முடியாது. இரண்டு பசு உடைய கைம்பெண் குளியல் தொட்டி கட்டுவாளா? செதுக்கும் கத்தியும் சட்டமும் வாங்குவாளா? இவை ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியங்கள். அதற்குரிய ஸ்தாபனங்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. 1946-ல் குஜராத்தின் கெயிரா ஜில்லாவில் குடியானவர் ஒன்றுகூடித் தொடங்கிய கூட்டுறவு முயற்சி இன்று நாடெங்கும் கிராமப் பால் சங்கங்களாகக் கிளைத்துள்ளது. காலையும் மாலையும் சங்கத்தில் பாலை அளக்கிறோம், கொழுப்பை அளக்கிறோம், நீர் கலந்ததா என்று சோதிக்கிறோம். பாலைச் சோதிக்கும் சங்கம் பால் தரும் பசுவின் காலை வருஷத்தில் இருமுறை சோதித்தால் என்ன?

நாம் கோருவது இது. ஒவ்வொரு பால் சங்கமும் அங்கத்தினருள் ஒருவரைக் குளம்பு செதுக்கப் பயிற்றுவிக்கட்டும். ஊரில் லாடம் அடித்த குடும்பம் இருப்பின் அவருக்கே முதலுரிமை தரட்டும். சினை ஊசி போட மாட்டை நிறுத்தும் சட்டம் இருக்கும் ஊர்களில் அதனையே சிறிது திருத்திக் காலைத் தூக்கும் வசதி செய்யட்டும். சங்கத்தண்டையோ, மந்தையிலோ ஒரு குளியல் தொட்டி கட்டட்டும். புரட்டாசி மாதத்தில், மழை தொடங்குமுன், ஒரு நாளைக் குளம்பு பார்க்கும் நாளாக வைத்து, கால்நடை வைத்தியரை வரவழைத்து, ஊர் மாடுகள் அனைத்தையும் நடத்திப் பார்க்கட்டும். அடைய வேண்டிய பலனோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு அற்பம்.

பஞ்சாயத்துகளுக்கும் இதில் பொறுப்புண்டு. அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் கால்நடை வளர்ப்பும் பால்பண்ணையும் பஞ்சாயத்துக்குரிய விஷயங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. 1993 முதல் அச்சட்டம் அமலில் உள்ளது. தெருவிளக்கும் சிமெண்டுச் சாலையும் மட்டுமே பஞ்சாயத்தின் வேலையென்று எண்ணுவது அச்சட்டத்தைப் படியாதவர் கூற்று. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி, கோமாரி போன்ற நோய் கண்டால் மாட்டுக்குடையவன் அதனை ஊர் அதிகாரிக்கோ, பஞ்சாயத்துக்கோ அறிவித்து, நோயுற்ற மாட்டைப் பிரித்து நிறுத்தக் கடமைப்பட்டவன். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும், தன் பொறுப்பிலுள்ள பிராணிக்குத் தேவையற்ற வலி நேராமல் காப்பதை உடையவனின் கடமையாக்கியுள்ளது. ஆயினும் தண்டனைக்கு அஞ்சி ஒருவன் பசுவின் காலைக் கழுவ வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. சட்டம் கடைசிப் படி. ஊரின் நல்லறிவே முதற்படி. வைத்தியர் தொலைவில் இருக்கும் ஊரார், நடமாடும் கால்நடை வைத்திய வண்டியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதைப் பஞ்சாயத்துச் சுவரில் எழுதி வைத்தாலே பல பசுக்கள் பிழைக்கும்.

பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை. மேடையில் பேசுவதும், தீர்மானங்கள் நிறைவேற்றுவதும் வேண்டியவையே. ஆனால் கிராமத்தான் நம்மை நம்புவது நாம் அவன் கொட்டகைக்குள் நுழையும் அன்றுதான். அடுத்த முறை ஒரு கிராமத்துக்குச் செல்லும்போது, சங்கத்தின் காரியதரிசியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வருஷம் எத்தனை மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட்டீர்கள்? இந்த ஊரில் குளம்பு செதுக்கத் தெரிந்தவர் யார்? மழைக்கு முன்பு மாடுகளின் காலை யார் பார்த்தது? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும் ஊரில் பசு நிமிர்ந்து நடக்கும். விடை கிடைக்காத ஊரில் உங்களுக்கு வேலை காத்திருக்கிறது.